கையில் கனத்த கதை

அலமாரியைத் துடைக்கும்போது பழைய ரோபோ பொம்மையைக் கையில் எடுத்தேன். என்ன கனம்! கீழே வைக்க மனமே வரவில்லை.

1972இல் ஜப்பானில் தொடங்கிய 'மசிங்கர் இசட்' தொலைக்காட்சித் தொடரில், ரோபோவின் உடல் ஒரு கற்பனை உலோகத்தால் ஆனது. 1974இல் பண்டாய் என்ற பொம்மை நிறுவனத்தின் துணை நிறுவனமான பாப்பி, துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து அந்த ரோபோவைச் செய்தது. அந்த வரிசைக்கு வைத்த பெயரும் கதையில் வந்த அதே உலோகத்தின் பெயர்தான்: 'சோகோகின்'. திரையில் பார்த்த எடையைக் குழந்தை தன் உள்ளங்கையில் உணர்ந்தது. இதை யோசித்தவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்படி ஒரு தொடரின் உரிமம் வாங்கிப் பொம்மை செய்வது என்றால் பெட்டியில் படம் ஒட்டுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மாதிரியைச் செதுக்கி, உரிமையாளரிடம் காட்டி, முகம் சரியில்லை, நிறம் சரியில்லை என்று திரும்பி வந்தால் மறுபடி செய்ய வேண்டும். விற்பனையில் ஒரு பங்கு ராயல்டியாகப் போகும். அப்புறம், தொடர் ஓடாவிட்டால் சரக்கு கிடங்கிலேயே தூங்கும்.

ஓடினாலும் சிக்கல்தான். 1993இல் அமெரிக்காவில் 'பவர் ரேஞ்சர்ஸ்' தொலைக்காட்சித் தொடர் வந்தபோது, அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பண்டாய் பொம்மைகள் கடைகளில் கிடைக்காமல் பெற்றோர் அலைந்தார்கள்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு தொடர் பொம்மை பத்திரமாக இருக்கிறதா? படம் போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.