டெல்லிக்குப் போன அத்தையின் ஓய்வூதிய வழக்கு

மதுரைக் கிளையில் அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் தரச் சொல்லித் தீர்ப்பு வந்ததுமே, டெல்லி உச்ச நீதிமன்றத்தில் 'கேவியட்' என்ற முன்னெச்சரிக்கை மனு ஒன்றைப் போட்டு வைக்கச் சொன்னார் எங்கள் வக்கீல். மாமா வேலை பார்த்த துறை மேல்முறையீட்டுக்குப் போனால், நம்மைக் கேட்காமல் தடையாணை வாங்கிவிடக் கூடாது அல்லவா, அதற்கு.

உச்ச நீதிமன்றத்தில் எல்லா வக்கீலும் மனு தாக்கல் செய்துவிட முடியாது. அதற்கென்று தனித் தேர்வு எழுதித் தேறிய 'அட்வகேட் ஆன் ரெக்கார்ட்' ஒருவர் வேண்டும். ஆள் பிடித்து, அத்தை கையெழுத்திட்ட வக்காலத்தை கூரியரில் அனுப்பினோம். மாமாவின் பழைய ஆவணங்களில் தமிழில் இருந்ததை எல்லாம் ஆங்கிலத்தில் கேட்டார்கள். அந்தச் செலவுதான் எனக்கு உறுத்தியது. சாதாரண ஜனங்களின் வழக்கில் பாதித் தாள் அவரவர் மொழியில்தானே இருக்கும்!

எதிர்பார்த்தபடியே துறை போனது, ஆனால் தாமதமாக. உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து சிறப்பு அனுமதி மனு, அதாவது மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்கும் மனு, போட 90 நாள் கெடு. அது தாண்டிப் பல மாதமாகியிருந்தது. கோப்பு மேசை மேசையாக நகர்ந்த கதையைத் தேதிவாரியாக எழுதி, தாமதத்தை மன்னிக்கக் கேட்டிருந்தார்கள். எங்கள் தரப்பு பிடித்துக்கொண்டது அதைத்தான். அஞ்சல் துறை 427 நாள் தாமதித்து வந்த வழக்கில், அரசு என்பதற்காகத் தனிச் சலுகை இல்லை என்று 2012லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

விசாரணையை வீட்டிலிருந்தே வீடியோவில் பார்த்தோம். "ஏன் இவ்வளவு தாமதம்?" என்றார் நீதிபதி. அரசு வக்கீல் கோப்பைப் பற்றி ஆரம்பித்தார். தள்ளுபடி. அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"நம்ம வக்கீல் வாயே திறக்கலியேடா?" என்றார் அத்தை. அவ்வளவு காசு கொடுத்தவர் கேட்கத்தானே செய்வார்.

சாயங்காலம் இணையதளத்தில் ஆணை வந்தது. தாமதத்தால் தள்ளுபடி, சட்டக் கேள்வி திறந்தே விடப்படுகிறது என்று இருந்தது. அப்படியென்றால், மதுரைத் தீர்ப்பு எங்களுக்கு நிற்கும். ஆனால் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட சட்டம் என்று அதைக் காட்டி இன்னொருவர் வாதாட முடியாது. அரசியலமைப்புச் சட்டத்தின் 136ஆவது பிரிவின்படி மேல்முறையீட்டுக்கு அனுமதி கிடைத்தால்தான் வழக்கின் உள்ளே போவார்கள். இது வாசலிலேயே முடிந்துவிட்டது. அத்தை மாதிரி இருக்கும் மற்றவர்களை நினைத்தால் எனக்கு அதில் வருத்தம்தான்.

சரி, பணம்? நீதிமன்ற அவமதிப்பு வழக்கு போடுவோம் என்று நோட்டீஸ் போன பிறகுதான் நிலுவைத் தொகை வங்கிக் கணக்குக்கு வந்தது.