காசு கொடுத்து 105 டிகிரி

மே மாதம் சென்னையில் 105 டிகிரி அடித்தால், ‘வெயில் சதம், மக்கள் அவதி’ என்று பேப்பரில் போடுவார்கள். அதே 105 ஃபாரன்ஹீட்டை ஓர் அறைக்குள் அடைத்து, ஈரப்பதத்தை 40 சதவீதத்தில் நிறுத்தி, ‘ஹாட் யோகா’ என்று போர்டு மாட்டினால் அதே மக்கள் சந்தா கட்டி வருகிறார்கள். கொல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி 1970களில் அமெரிக்காவில் பரப்பிய கணக்கு இது: 26 ஆசனம், 2 மூச்சுப் பயிற்சி, 90 நிமிடம். இந்த வரிசை தனக்கே சொந்தம் என்று அவர் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்துவைத்தது. இப்போது ஹீட்டர் வைத்திருக்கும் யாரும் நடத்தலாம்.

முதல் நாள் வருகிறவரைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். தொளதொள காட்டன் டீ-ஷர்ட், வயிறு நிறைய டிபன், கண்ணாடிக்கு நேர் எதிரே முன்வரிசை. மூன்றுமே தப்பு. காட்டன் கால் மணி நேரத்தில் நனைந்து கனத்து, குனியும்போது முகத்தில் வந்து விழும். சாப்பாட்டுக்கும் வகுப்புக்கும் குறைந்தது இரண்டரை மணி நேரம் வேண்டும். முன்வரிசையைப் பழகியவர்களுக்கு விட்டுவிட்டுப் பின்வரிசையில், கதவுப் பக்கமாக நின்றால் பார்த்துச் செய்யவும் ஆள் இருக்கும், கொஞ்சம் காற்றும் வரும்.

மேட் மேல் விரிக்கிற மைக்ரோஃபைபர் துண்டில் ஒரு சூட்சுமம்: காய்ந்திருந்தால் வழுக்கும், ஈரமானால் பிடிக்கும். கால் வைக்கும் இடத்தில் மட்டும் முன்கூட்டியே தண்ணீர் தெளித்துவிட வேண்டும். மாய்ஸ்சரைசர், தேங்காய் எண்ணெய் எதுவும் அன்றைக்கு உடம்பில் கூடாது. ஏன் என்பது தண்டாயமான ஜானுசிரசாசனத்தில் தெரியும். ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலை முன்னால் நீட்டி, பத்து விரலையும் கோத்துப் பாதத்தைப் பிடிக்க வேண்டும். வேர்த்த பாதம் விலாங்கு மீன் மாதிரி நழுவும். பிடி விட்டால் ஆள் பின்னால் போவார், பின்னால் இன்னொருவர் இதே நிலையில் நின்றுகொண்டிருப்பார். சின்னத் துண்டால் பாதத்தைச் சுற்றிப் பிடித்தால் இந்த விபத்து இல்லை.

அறைக் காற்று நம் தோலைவிடச் சூடு. ஆகவே உடம்பு சூட்டை வெளியே தள்ள ஒரே வழி, வேர்வை ஆவியாவது. தரையில் சொட்டுவதெல்லாம் நஷ்டக் கணக்கு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உடம்பைத் துடைப்பவர் ஆவியாக வேண்டியதையும் துண்டுக்குக் கொடுத்துவிடுகிறார். கண்ணில் வழிந்தால் மட்டும் துடைத்தால் போதும்.

தண்ணீரை வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பே அரை லிட்டர் குடித்துவிட்டு, உள்ளே வாய் நனைக்கும் அளவுக்குக் குடிப்பது உத்தமம். நடுவில் முழு பாட்டிலையும் கவிழ்ப்பவருக்கு அடுத்த ஆசனத்தில் வயிறு ‘களக் களக்’ என்று தாளம் போடும். மதியம் ராஜ்மா சாப்பிட்டவர்கள் பவனமுக்தாசனத்தில், அதாவது வாயுவை வெளியேற்றும் ஆசனத்தில், ஜாக்கிரதை. பெயரே என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறது, ஜன்னலும் திறக்க மாட்டார்கள்.

கடைசிப் பகுதியில் வரும், முட்டி போட்டுப் பின்னால் வளைகிற உஷ்ட்ராசனத்தில்தான் பலருக்கும் தலை சுற்றும், குமட்டும். சூட்டில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்திருப்பதால், சட்டென்று நிமிர்ந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் ஒரு கணம் குறைகிறது. மெதுவாக, தலை கடைசியாக வரும்படி நிமிர வேண்டும். சுற்றினால் அங்கேயே உட்காரவும். எழுந்து ஓடினால் வாசலில் விழுவீர்கள். குமட்டல் நிற்காவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, துணையோடு வெளியேறி உடம்பைக் குளிர்விக்க வேண்டும். ‘யாரும் வெளியே போகக் கூடாது’ என்று மாஸ்டர் முறைப்பார். முறைக்கட்டும். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் உள்ளேயே வரக் கூடாது.

சூடு இன்னொரு வேலையும் செய்யும். தசை இளகி, வீட்டில் முழங்காலையே தொடாத கை இங்கே தரையைத் தொடும். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் இழுத்தால் தொடையின் பின்தசை மறுநாள் மாடிப்படியில் கணக்குக் கேட்கும். உடம்பு விட்டுக்கொடுப்பதில் முக்கால்வாசியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வகுப்பு முடிந்ததும் எடை மெஷினில் ஏறி ‘ஒரு கிலோ போச்சு!’ என்பார்கள். போனது ஒரு லிட்டர் தண்ணீர், கூடவே உப்பு. கொழுப்பு அங்கேயேதான் இருக்கிறது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தபோது, 90 நிமிடத்தில் பெண்களுக்குச் சராசரி 330, ஆண்களுக்கு 460 கலோரிதான் செலவானது. வேகமாக நடந்தாலே கிட்டத்தட்ட இது ஆகிவிடும். வேர்வை வழியாக நச்சு வெளியேறுகிறது என்பதும் கதை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கின்றன. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிக்காமல், உப்புப் போட்ட மோர் குடிக்கலாம். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

துண்டை அன்றைக்கே அலசிக் காயப்போடுங்கள். கார் டிக்கியில் ஒரு ராத்திரி கிடந்தால், மறுநாள் காரோடு சேர்த்து உங்களையும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.