ஐந்நூறு அடிக்குக் கீழே

ஜூன் 3

இரவு பெய்த மழையில் விமானம் வெளியிலேயே நின்றிருந்தது. காலையில் இறக்கைக்கு அடியில் குந்தி, தொட்டியின் வடிகுழாயிலிருந்து குப்பியில் எரிபொருளைப் பிடித்துப் பார்த்தபோது, வெளிர்நீலப் பெட்ரோலின் அடியில் கடுகளவு நீர்த்துளி ஒன்று உருண்டுகொண்டிருந்தது. பயிற்றுநர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "துளி நிற்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டே இரு, தம்பி" என்றார். நான்காவது முறைதான் தெளிந்து வந்தது. ஓடுபாதையைவிட்டு எழுந்து, மூக்கு மேல்நோக்கியிருக்கும் முதல் நிமிடத்தில் அந்த நீர் எஞ்சினை நிறுத்தியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்ற கேள்வி நாள் முழுவதும் கூடவே வந்தது.

ஜூன் 5

1996 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் வயோமிங் மாநிலம் ஷையேனில் நடந்த விபத்தைப் பற்றிப் படித்தேன். ஏழு வயது ஜெசிகா டுப்ராஃப், அவளுடைய தந்தை, பயிற்றுநர் ஆகிய மூவரும் செஸ்னா 177 விமானத்தில் அவளே விமானம் ஓட்டும் சாதனைக்காக நாட்டின் குறுக்கே பறக்கப் புறப்பட்டவர்கள். இரண்டாம் நாள் காலை, இடிமேகம் நெருங்கி வரும்போது மழையிலேயே கிளம்பி, எழுந்த சற்று நேரத்தில் குடியிருப்புப் பகுதியில் விழுந்து மூவருமே இறந்தார்கள். எஞ்சினில் கோளாறு இல்லை. 6,000 அடிக்கு மேல் உயரத்திலுள்ள ஊர் என்பதால் மெலிந்த காற்று. அனுமதித்த எடையைவிட 96 பவுண்டு கூடுதல். இந்த நிலையில் வேகம் குறைய, இறக்கை தூக்குவிசையை இழந்து ஸ்டால் ஆகிவிட்டது. ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கின் அவசரமும் துணைக்காரணங்களுள் ஒன்றாகப் பதிவாகியிருக்கிறது. அந்தக் குழந்தையை நினைத்து மனம் கனக்கிறது. மழை விடட்டும் என்று சொல்லியிருக்க வேண்டியவர்கள் பெரியவர்கள் அல்லவா?

ஜூன் 9

இன்று 3,000 அடியில், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுவதும் இழுத்துவிட்டு, ஓடுபாதைக்குத் திரும்புவதுபோல் வளைத்துப் பார்த்தோம். எஞ்சின் நின்றதை மனம் நம்பவே சில நொடிகள் போய்விட்டன. புறப்பட்ட கோட்டுக்கே வந்துசேர அரைவட்டம் போதாது, அதற்கும் மேல் திரும்ப வேண்டும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. முடித்துப் பார்த்தால் ஏறத்தாழ 600 அடி இறங்கியிருந்தோம். 500 அடியில் இதைச் செய்திருந்தால் தரைக்குள் போயிருப்போம். உயரம் போகிறதே என்ற பயத்தில் கை தானாக மூக்கைத் தூக்குகிறது. உயரத்தை விடாமல் 45 பாகை சாய்ந்து திரும்பும்போது, எந்த வேகத்துக்குக் கீழே ஸ்டால் ஆகுமோ அந்த வேகம் 19 சதவீதம் கூடுகிறது, 60 பாகையில் 41 சதவீதம். தூக்கும் அந்தக் கைதான் ஆளைக் கொல்கிறது.

2015 மார்ச்சில் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு சான்டா மோனிகாவில் கிளம்பியதும் அவருடைய பழைய ரயன் விமானத்தின் எஞ்சின் வலுவிழந்தது. கார்புரேட்டருக்குள் எரிபொருளை அளவாக விடும் ஜெட் என்ற சிறு துளைக்குழாய் கழன்றிருந்தது. ஓடுபாதையை எட்ட முடியாது என்று கணித்த அவர், பக்கத்திலிருந்த கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார்; பலத்த காயம் பட்டது, உயிர் தங்கியது.

ஜூன் 10

மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுபாதையின் மேற்கு முனைக்கு அப்பால் போய்ப் பார்த்தேன். முதலில் கடலைக்காடு, அதன் நடுவே கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு, வலப்பக்கம் தென்னந்தோப்பு, அதை ஒட்டி உயர் அழுத்த மின்கம்பி. இடப்பக்கம் வற்றிய ஏரி, வண்டல் வெடித்து, கால் புதையாத அளவுக்கு இறுகிக் கிடந்தது. மேலிருந்து பார்க்கையில் கிணறும் கம்பியும் ஒருநாளும் என் கண்ணில் பட்டதில்லை. நாளை கிளம்புமுன் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதை எழுதிக்கொண்டேன்: 500 அடிக்குக் கீழே எஞ்சின் நின்றால் மூக்கை இறக்கு, லேசாக இடப்பக்கம், ஏரி.