டீச்சர் சொன்ன பெட்ரோல் வாசம்

"தம்பி, மாதத்தின் முதல் வாரத்தில்தான் வாசம் வருகிறது. பதினைந்து தேதிக்கு மேல் வருவதில்லை" என்று டீச்சர் சொன்னார். அதை அவர் சொல்வது அது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் காரைப் பட்டறைக்கு வரவழைத்து, எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டுக்குள் இருந்த ரப்பர் ஹோஸ்களைத் தடவிப் பார்த்து, "ஒன்றுமில்லை டீச்சர், கார்புரேட்டர் வண்டிக்குக் கொஞ்சம் வாசம் இருக்கத்தான் செய்யும்" என்று திருப்பி அனுப்பியிருந்தேன்.

முப்பது வருடமாகத் தூத்துக்குடியில் கார் மெக்கானிக்காக இருக்கிறேன். பெட்ரோலிலேயே கை கழுவி வளர்ந்தவன். ஒரே வாசத்தில் நாள் முழுக்க இருக்கும் மூக்கு அந்த வாசத்தைச் சொல்வதை நிறுத்திவிடும். பூக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு மல்லிகை மணக்காது. டீச்சரோ காலையில் குளித்துவிட்டு, வாசல் தெளித்துக் கோலம் போட வரும்போது கார் நிற்கும் இடத்தைக் கடந்து வருகிறார். அந்த நேரத்து மூக்கை விடத் துல்லியமான கருவி என் பட்டறையில் இல்லை. இதை நான் முதல் முறையே உணர்ந்திருக்க வேண்டும்.

கார் 1997-ஆம் ஆண்டு மாருதி 800. டீச்சரும் அவர் கணவர் சாரும் வேலையில் இருந்தபோது வாங்கியது. இருவரும் ஓய்வு பெற்று வருடங்கள் ஆகின்றன. அந்தக் கார் வகையின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இவர்கள் விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். மார்க்கெட், கோயில், ஆஸ்பத்திரி, அவ்வளவுதான் ஓட்டம்.

முதல் வாரம் என்று சொன்னாரே, அது என் மனதில் இரவு வரை சுற்றிக்கொண்டே இருந்தது. முதல் வாரத்தில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது? ஓய்வூதியம் வருகிறது. ஓய்வூதியம் வந்ததும் சார் நேராக பெட்ரோல் பங்குக்குப் போய் டேங்கை நிரப்பிவிடுவார். பிறகு மாதம் முழுக்க அந்த ஒரு டேங்க்தான். டேங்க் நிறைந்திருக்கும் நாட்களில் மட்டும் வாசம் வருகிறது என்றால் விடை ஏறக்குறைய கிடைத்துவிட்டது.

கார்புரேட்டர் காலத்து மாருதியில் பெட்ரோல் பம்ப் எஞ்சின் மேலேயே இருக்கிறது. எஞ்சின் சுற்றும்போது அது பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. அதனால் வண்டி ஓடும்போது தரைக்கு அடியில் போகும் இரும்புக் குழாயில் இருப்பது உறிஞ்சு விசை. அங்கே ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் பெட்ரோல் வெளியே வராது, வெளியே இருக்கும் காற்று உள்ளே போகும். எஞ்சினை நிறுத்திய பிறகு கதை மாறுகிறது. டேங்க் நிறைந்திருந்தால் பெட்ரோலின் மட்டம் குழாயை விட உயரத்தில் இருக்கும். அந்த எடை தள்ளத் தள்ள, இரவு முழுக்க ஓட்டை வழியே கசியும். மட்டம் இறங்கிய பிறகு கசிவு நின்றுவிடும். நான் இரண்டு முறையும் பார்த்தது பாதி டேங்கோடு, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த நிலையில். ஓட்டை தன்னைக் காட்டிக்கொள்ள வழியே இல்லாத நேரம் அது.

இன்னொரு தடயமும் கண் முன்னாலேயே இருந்தது. பம்புக்கு முன்னால் உள்ள பிளாஸ்டிக் ஃபில்டரில் சிறு குமிழ்கள் ஓடியதை நான் பார்த்தேன். காலையில் வண்டி உடனே பிடிப்பதில்லை, நீளமாக செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது என்று சாரும் சொல்லியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அடுத்த முதல் தேதி வந்ததும் சாரிடம் டேங்கை நிரப்பி நிறுத்திவிடச் சொன்னேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். காருக்கு அடியில் படுத்து எல்இடி டார்ச்சை அடித்தேன். சிமெண்டுத் தரையில் எண்ணெய் சொட்டினால் கறுத்த கறை விழும். பெட்ரோல் அப்படிக் காட்டிக்கொடுக்காது. விழுந்த இடத்தில் தூசி மட்டும் விலகி, ஒரு ரூபாய் நாணயம் அளவில் தரை சுத்தமாகத் தெரிந்தது. அதற்கு நேர் மேலே பார்த்தேன். இரும்புக் குழாயின் நடுவே ஒரு துண்டு ரப்பர் ஹோஸ், இரண்டு பக்கமும் திருகுக் கிளிப். முன் பக்கத்துக் கிளிப்பை ஒட்டி, ஹோஸின் விளிம்பில், ஒரு துளி மெல்லத் திரண்டுகொண்டிருந்தது. திரண்டு கனத்துத் தொங்கி, விழாமல் அப்படியே காய்ந்து சுருங்கியது. பிறகு இன்னொன்று திரண்டது. அது விழுந்தது.

கிளிப் இரண்டின் திருகுத் தலைகளும் ஸ்க்ரூடிரைவருக்கு வசதியாக ஒரே பக்கம் சாய்ந்து இருந்தன. எனக்குத் தொழில் கற்றுத்தந்த அண்ணாச்சி அப்படித்தான் வைக்கச் சொல்வார். இந்த ஊரில் இப்போது அப்படி வைப்பவன் நான் ஒருவன்தான். அந்த ஹோஸ் என் கை வேலை.

2016-இல் நடந்தது. அவர்கள் மகள் மதுரையில் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தாள். புறப்படும் நேரத்தில் குழாயில் கசிவு. நான்கு அங்குலம் துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, ஹோஸ் செருகிக் கிளிப் போட்டு அரை மணி நேரத்தில் அனுப்பினேன். "இது தற்காலிகம் சார், இரண்டு வாரத்தில் கொண்டுவாருங்கள், முழுக் குழாயையும் மாற்றிவிடலாம்" என்றும் சொன்னேன். பேரன் பிறந்தான். வீடு முழுக்க மகிழ்ச்சி. அவர்களும் மறந்தார்கள், நானும் மறந்தேன். மறந்தேன் என்று எழுதுவதுகூடச் சரியில்லை. அதன் பிறகு எத்தனையோ முறை அந்தக் காரை ஜாக்கியில் ஏற்றியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த ஹோஸ் என் கண்ணில் பட்டது. கசியவில்லையே என்று கடந்து போனேன்.

அந்த ஒட்டுவேலை ஏன் தவறு என்று இப்போது விளக்கமாகச் சொல்ல முடியும். இரும்புக் குழாய்க்கு வெளியே துருவைத் தடுக்கும் பூச்சு இருக்கிறது. நடுவில் வெட்டும்போது இரண்டு பக்கமும் பூச்சில்லாத பச்சை இரும்பு வெளியே வருகிறது. அதன் மேல் ஹோஸை ஏற்றினால் விளிம்பில் நுழையும் ஈரம் காய வழியில்லை. சாதாரண ஊரில் அது ஈரம். எங்கள் ஊரில் அது உப்பு நீர். டீச்சர் வேலை பார்த்த பள்ளிக்கூடம் திருச்செந்தூர் சாலையில் இருந்தது. இரண்டு பக்கமும் உப்பளம். உப்பு லாரிகள் தண்ணீர் வடித்துக்கொண்டே போகும் அந்தச் சாலையில் இந்தக் கார் வருடக்கணக்கில் ஓடியிருக்கிறது. போதாததற்கு 2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த நாட்களில் இவர்கள் தெருவிலும் தண்ணீர் நின்றது. கார் இரண்டு நாள் அதில் நின்றது. அப்போது எஞ்சினையும் பிரேக்கையும் பார்த்தேன், இந்தக் குழாயைப் பார்க்கவில்லை.

தொழிற்சாலையிலிருந்து வரும் குழாயின் முனையில் மோதிரம் போல ஒரு சிறு புடைப்பு இருக்கும். ஹோஸ் அதைத் தாண்டி ஏறிய பிறகு, அதற்குப் பின்னால் கிளிப் இறுக்கினால் உருவி வராது. வெட்டிய குழாயில் அந்தப் புடைப்பு கிடையாது. அதனால் உருவிவிடுமோ என்று பயந்து கிளிப்பை அதிகமாக இறுக்கியிருந்தேன். திருகுக் கிளிப்பின் பட்டை ரப்பரைக் கடித்து வெட்டியிருந்தது. அந்த ரப்பரும் இன்றைய பெட்ரோலுக்குச் செய்யப்பட்டதல்ல. பெட்ரோலில் எத்தனால் என்ற ஆல்கஹாலின் கலப்பு நாட்டில் 2022-இல் பத்து சதவீதத்தை எட்டியது, 2025-இல் இருபதை எட்டியது. பழைய கார்களில் அந்தக் காலத்து ரப்பர் அப்படியே இருக்கிறது. எத்தனாலில் அது ஊறி, இறுகி, வெடிப்பு விடுகிறது. பழைய கார் வைத்திருப்பவர்களிடம் நான் இப்போது முதலில் கேட்பது ஹோஸ்களின் வயதைத்தான்.

காரை ஓட்டிவர வேண்டாம் என்று சொல்லி, தள்ளிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். அடியில் இறங்கி வேலை பார்க்கும் குழியின் மேல் நிறுத்தவில்லை. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, குழிக்குள் இறங்கித் தண்ணீர் போலத் தேங்கி நிற்கும். வெளியே வேப்பமரத்தடியில், ஸ்டாண்டுகளின் மேல் தூக்கி நிறுத்தினோம். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றினேன். அண்ணாச்சியின் முழங்கையில் ஒரு தீத்தழும்பு உண்டு. கையில் பிடித்து வேலை செய்யும் பழைய குண்டு பல்ப் விளக்கு தவறி விழுந்து உடைந்ததால் வந்தது. பெட்ரோல் வேலையில் அந்த விளக்கை அவர் மறுபடி தொட்டதில்லை. நானும் தொட்டதில்லை. டேங்கில் இருந்ததைக் கைப்பம்பால் கேனுக்கு மாற்றினேன். வாயால் உறிஞ்சி எடுப்பதை எங்கள் காலத்தில் எல்லாரும் செய்தோம். நுரையீரலுக்குள் ஒரு வாய் பெட்ரோல் போனால் ஆளையே முடித்துவிடும். என் பட்டறையில் பையன்கள் யாரும் அதைச் செய்யக் கூடாது.

பழைய குழாயைக் கழற்றி வெயிலில் கிடத்தினோம். பார்த்த அளவில் நீளமாக, நன்றாகத்தான் இருந்தது. தரைத்தகட்டோடு கிளிப் பிடித்திருந்த ஆறு இடங்களைச் சுரண்டிப் பார்த்தபோது நான்கில் செதில் செதிலாக உதிர்ந்தது. ஓர் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினேன். முட்டை ஓடு போல உள்ளே போனது. பக்கத்தில் நின்ற பையன் "அண்ணே" என்று மட்டும் சொன்னான். துளி கசிந்த இடத்தை மட்டும் மறுபடி ஒட்டியிருந்தால் இந்த இடம் அடுத்த மாதமே திறந்திருக்கும்.

சார் செம்புக் குழாய் போடலாமே, துருவே பிடிக்காதே என்று கேட்டார். நியாயமான கேள்வி, பலரும் கேட்பார்கள். செம்பு வளைக்க எளிது, துருவும் இல்லை. ஆனால் ஓடும் வண்டியின் அதிர்வில் செம்பு நாளுக்கு நாள் இறுகி, ஒரு நாள் கீறல் விட்டுவிடும். அதனால் அதே கனத்தில் பூச்சுள்ள புது இரும்புக் குழாய்தான் வாங்கினேன். பழைய குழாயை மாதிரியாக வைத்துப் பெண்டரில் ஒவ்வொரு வளைவாக எடுத்தேன். அவசரப்பட்டால் வளைவில் குழாய் நசுங்கும், நசுங்கிய குழாய் பெட்ரோலை முடக்கும். அரை நாள் ஆனது. முனைகளில் புடைப்பு எடுக்க, குழாய் முனையை விரிக்கும் ஃப்ளேரிங் கருவியில், இரண்டு அழுத்தத்தில் முடியும் இரட்டை ஃப்ளேரின் முதல் அழுத்தத்தோடு நிறுத்திக்கொண்டால் போதும், அழகாக ஒரு மோதிரம் எழும்பி நிற்கும். அந்த மோதிரத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். 2016-இல் இதற்குப் பத்து நிமிடம்தான் கூடுதலாக ஆகியிருக்கும்.

கிளிப் பிடிக்கும் இடங்களை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, குழாய்க்கும் கிளிப்புக்கும் நடுவே ரப்பர் உறை வைத்தேன். மிஞ்சும் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பிப் போகும் குழாயையும் மாற்றினேன். டேங்க் முதல் பம்ப் வரை எல்லா ஹோஸ்களும் புதியவை. பெட்ரோல் ஹோஸுக்கான தரக் குறியீடு எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று மேலே அச்சிட்டிருந்ததைத் தேடி வாங்கினேன். கடைக்காரர் விலை குறைந்த ஒன்றைக் காட்டினார். அச்சில்லாத ஹோஸை இனி பெட்ரோலுக்குப் போடுவதாக இல்லை.

டேங்கை நிரப்பி, ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைக் காகிதத்தைச் சுற்றி, ஓர் இரவு விட்டேன். காலையில் எல்லாக் காகிதமும் உலர்ந்திருந்தது. எஞ்சினை ஓடவிட்டபோது ஃபில்டரில் ஒரு குமிழ்கூட இல்லை.

காரைக் கொண்டுபோய் விட்ட அன்று, வெட்டி எடுத்த ஹோஸ் துண்டைக் கையில் எடுத்துப் போயிருந்தேன். டீச்சரிடம் கொடுத்து, இது நான் போட்டது, நீங்கள் மூன்று முறை சொன்னதும் உண்மை, இரண்டு முறை கேட்காமல் அனுப்பியது என் தவறு என்று சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாற்ற வேண்டியது என்று அன்றைக்கே நீங்கள் சொன்னது எனக்கு நினைவில்லையே தம்பி. எழுதிக் கொடுத்திருந்தால் காலண்டரில் குறித்திருப்பேனே" என்றார். கோபம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கேட்டது போலக் கேட்டார். குழாய்க்கும் ஹோஸுக்கும் ஆன பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது பட்டறையில் ஒரு நோட்டு இருக்கிறது. அவசரத்துக்குச் செய்த வேலை எதுவானாலும் வண்டி எண், என்ன செய்தோம், எந்தத் தேதிக்குள் முழுதாகச் செய்ய வேண்டும் என்று அதில் எழுதுகிறோம். அதே வரியை ஒரு சீட்டில் எழுதி உரிமையாளர் கையில் கொடுக்கிறோம். வண்டிக்கு அடியில் அந்த இடத்தில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போடுகிறோம். வேறு மெக்கானிக் பார்த்தாலும் நின்று பார்ப்பார்.

நோட்டு வருவதற்கு முந்திய வேலைகளை நினைவிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. இரவு உட்கார்ந்து யோசித்தேன். இதே போலக் குழாயை வெட்டி ஹோஸ் செருகிய வண்டிகள் இன்னும் மூன்று நினைவுக்கு வந்தன. இரண்டின் உரிமையாளர்களை அழைத்து, வரவழைத்து, மாற்றிக் கொடுத்தேன். ஒன்றில் ஹோஸ் பஞ்சு போல ஆகியிருந்தது. மூன்றாவது ஒரு வெள்ளை நிறப் பத்மினி கார். அதை வைத்திருந்தவர் காலமாகிவிட்டார். மகன்கள் கோவில்பட்டிப் பக்கம் யாருக்கோ விற்றுவிட்டார்களாம். வாங்கியவரின் பெயர் அவர்களுக்கும் தெரியவில்லை. கோவில்பட்டியில் எனக்குத் தெரிந்த பட்டறைகள் எல்லாவற்றிலும் சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளைப் பத்மினி ஒன்று வந்தால், ஓட்டுநர் பக்கத்துக் கதவுக்கு நேர் கீழே குழாயைப் பாருங்கள், திருகுத் தலை இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் எனக்கு போன் செய்யுங்கள் என்று.