வேன் வரவில்லை

2025-ல் ஒரு நாள் காலையில் பனியன் கம்பெனி வேன் எங்கள் தெருவுக்கு வரவே இல்லை.

சாப்பாட்டு டப்பாவோடு வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா, போன் பேசிவிட்டுத் திரும்பினார். "இன்னைக்கு வேலை இல்லீங்களாமா. அமெரிக்கா ஆர்டர் நின்னுபோச்சாம்."

டப்பாவைத் திறந்து பார்த்தார். தக்காளிச் சாதம். ஆவிகூட அடங்கவில்லை. அப்படியே மூடினார்.

அந்த வருடம் ஆகஸ்ட் 27 முதல் அங்கே போன நம் பனியனுக்கு 50 சதவீதக் கூடுதல் வரி போட்டிருந்தார்கள்.

அதே வருடத்து ஏப்ரல் 2 ஞாபகம் வருகிறது. வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் டிரம்ப் ஒரு பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். நாடு நாடாக வரிக் கணக்கு. அந்த நாளுக்கு அவர் வைத்த பெயர் 'விடுதலை நாள்'. நண்பரும் பகைவரும் சேர்ந்து அமெரிக்காவைக் கொள்ளையடித்தார்கள் என்று பேசினார். கார்த் தொழிலாளர்களும் அங்கே வந்திருந்தார்கள்.

அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆலை மூடிய ஊரின் வலி எனக்குத் தெரியும், நான் திருப்பூர்க்காரன்.

ஆனால் அந்த வரியைத் துறைமுகத்தில் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர்தான். அப்புறம் அது அங்கே கடை விலையிலும் ஏறும், இங்கே கூலியிலும் இறங்கும். 'உன்னைக் கொள்ளையடித்துவிட்டார்கள்' என்று கேட்டுக் கொதித்துப்போனவருக்கு இந்தக் கணக்கு எப்படிக் காதில் விழும்?

நாளைக்கும் சோறு கட்டுவதா வேண்டாமா என்று அக்கா அன்று கேட்டார்.