‘மருமகன்’ படுத்திய பாடு

என் தங்கையின் மகன் போன மாதம் அமெரிக்காவிலிருந்து தரை எல்லையால் கனடாவுக்குள் வந்து அகதிக் கோரிக்கை வைத்தான். ஒரு வரியில் எழுதிவிட்டேன். அதற்குப் பின்னால் நாலு மாதமும், ஒரு வீண் பயணமும், ஊருக்கு எடுத்த கணக்கில்லாத வட்ஸ்அப் அழைப்புகளும் இருக்கின்றன. நான் வழக்கறிஞர் இல்லை, சூடு கண்ட பூனை. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட பாதுகாப்பான மூன்றாம் நாடு ஒப்பந்தம் பற்றி ஏற்கனவே தெரிந்திருப்பீர்கள். அமெரிக்காவில் இருப்பவர் அங்கேயே தஞ்சம் கேட்க வேண்டும், எல்லைக்கு வந்தால் திருப்பி அனுப்புவோம் என்பது 2004 டிசம்பரிலிருந்து நடக்கிறது. முன்பு கியூபெக் எல்லையிலுள்ள ரொக்ஸம் றோட் போன்ற, எல்லைச் சாவடி இல்லாத இடங்களால் நடந்து வந்தவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2023 மார்ச் 25 முதல் அந்த வழியும் போய்விட்டது. எல்லையில் எந்த இடத்தால் வந்தாலும், வந்து 14 நாளுக்குள் கோரிக்கை வைத்தால் ஒப்பந்தம் பாயும். எங்களுக்கு மிஞ்சியது குடும்ப உறவு என்ற விதிவிலக்கு. நான் கனடியக் குடியுரிமை உள்ள தாய்மாமன். சட்டப்படி அது போதும்.

முதல் தடங்கல் மருமகன் தங்கியிருந்த அமெரிக்க வீட்டிலேயே வந்தது. விசிட் விசாவில் வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அங்கே வந்து ஒரு வருடத்துக்குள் தஞ்ச விண்ணப்பம் போட வேண்டும் என்பது விதி. “எதற்கும் இங்கே ஒன்றை ஃபைல் பண்ணி வையுங்கோ, பிறகு கனடாவுக்குப் போகலாம்” என்று படிவம் நிரப்பித் தரும் ஒருவர் சொல்லியிருக்கிறார். பையன் கையெழுத்துப் போடும் நிலையில் எனக்கு அழைத்தான். நல்ல காலம். 2019இல் கனடா மாற்றிய சட்டப்படி, தகவல் பகிரும் நாடுகளில், அதாவது அமெரிக்கா, பிரிட்டன், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து இவற்றில், முன்பே தஞ்சம் கேட்டது உறுதியானால் இங்கே அகதி வழக்குகளை விசாரிக்கும் அகதிச் சபைக்குக் கோரிக்கையே போகாது. மாமா கனடியக் குடிமகன் என்பதும் அப்போது உதவாது. அந்தக் கையெழுத்து விழுந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

இன்னொருவர் வேறு யோசனை சொன்னார். களவாக உள்ளே வந்து 14 நாள் ஒளிந்திருந்துவிட்டு 15ஆம் நாள் கேட்கலாமாம். எந்தத் தேதியில் வந்தோம் என்று நிரூபிக்க வேண்டியது நாங்கள்தான் என்பதை அவர் சொல்லவில்லை. 2025 ஜூன் 3 அன்று கனடிய அரசு கொண்டுவந்த சட்டமூலம் (மசோதா) அந்த ஓட்டையையும் அடைக்கத்தான் எழுதப்பட்டது என்பதும் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தும் சொல்லாமல் விட்டாரோ என்னவோ.

சரி, உறவைக் காட்டுவோம் என்று கிளம்பினோம். மூன்று பிறப்புச் சான்றிதழ் போதும்: அவனுடையதில் தாயின் பெயர், தாயினதில் அவளுடைய பெற்றோர், என்னுடையதில் அதே பெற்றோர். கேட்க எவ்வளவு லேசாக இருக்கிறது! எனக்கும் அவர்கள் இரண்டு பேருக்கும் கடைசிப் பெயர் வேறு. எனக்கு அப்பாவின் பெயர், தங்கைக்குக் கணவனின் பெயர், அவனுக்கு அவன் அப்பாவின் பெயர். எங்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. வெள்ளைக்காரக் கண்ணுக்கு நான் அவர்களுக்கு அந்நியன். ஆகவே தங்கையின் விவாகப் பதிவும் சேர்ந்து நாலு பத்திரம் ஆனது.

அதிலும் தங்கையின் பதிவு இருந்த ஏட்டில் ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது, தேட நாளாகும் என்று ஊரில் ஓர் அலுவலகத்தில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நாலாம் தடவை வேறொரு எழுதுவினைஞர் இருந்தார். அரை மணித்தியாலத்தில் எடுத்துக் கொடுத்தார். பக்கம் கிழியவே இல்லை.

அடுத்த சிக்கலுக்குக் காரணம் நானேதான். தொண்ணூறுகளில் நான் அகதியாக வந்தபோது நிரப்பிய படிவத்தில் சகோதரங்களின் பெயர் எழுத வேண்டும். தங்கைக்கு எழுதியது வீட்டுப் பெயர். பதிவுப் பெயரைச் சொல்லி அவளை யார் கூப்பிட்டார்கள்? இப்போது என் கோப்பில் இருக்கும் தங்கைக்கும் சான்றிதழில் இருக்கும் தங்கைக்கும் பெயர் பொருந்தவில்லை. இப்படி ஏதும் இருக்கலாம் என்று வழக்கறிஞர் சொல்லித்தான் பழைய கோப்பின் பிரதியை எழுதிக் கேட்டு எடுத்திருந்தேன். யாருக்காவது உறவினரைக் கூப்பிடுகிற எண்ணம் இருந்தால் இதை முதலில் செய்யுங்கள். அதிகாரியின் கணினியில் உங்களைப் பற்றி என்ன இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிறந்த தேதி பொருந்தியதாலும், இரண்டு பெயரும் அவளுடையதுதான் என்று தங்கை சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்ததாலும் தப்பினோம்.

அந்தச் சத்தியக் கடதாசிதான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்ததும்.

தங்கை தமிழில் சரியாகத்தான் எழுதியிருந்தாள்: இவன் என் மகன், என் அண்ணனுக்கு மருமகன். இங்கே காசு வாங்கி மொழிபெயர்த்த பெரியவர் ‘சன் இன் லா’ என்று போட்டுவிட்டார். மகளைக் கட்டியவனும் மருமகன்தான், தங்கை பெற்றவனும் மருமகன்தான், எங்கள் மொழி அப்படி. ஆனால் விதிவிலக்குப் பட்டியலில் சகோதரத்தின் பிள்ளை இருக்கிறது, மகளின் கணவன் இல்லை. நான் படித்துப் பார்த்தேன், என் கண்ணில் படவில்லை. முத்திரையும் கையெழுத்தும் இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு.

குறித்த நாளில் பையன் இரவு பஸ்ஸில் பஃபலோவுக்கு வந்துவிட்டான். நானும் ஸ்காபரோவிலிருந்து இரண்டு மணித்தியாலம் ஓடி எல்லைக்குக் கிட்ட வந்து நிற்கிறேன். அந்தப் பக்கத்தில் இப்படி வருபவர்களுக்கு உதவும் தொண்டர் ஒருவர் அவனுடைய பத்திரக் கட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். “நீ அவருடைய மகளைக் கல்யாணம் செய்தவனா?” என்று கேட்டாராம். பையன் சிரித்திருக்கிறான். எனக்கு மகளே இல்லை. அவர் சிரிக்கவில்லை. பாலத்தில் ஏறாதே, திருத்திக்கொண்டு வா என்று நிறுத்திவிட்டார். நான் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் திரும்பி ஓடினேன்.

ஏறிப் பார்த்திருக்கலாமே என்று பிறகு வழக்கறிஞரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். உறவை நிரூபிக்கும் பொறுப்பு வருபவருடையது. அதிகாரி தகுதியில்லை என்று முடிவெடுத்தால் வந்த வழியே திருப்பி அனுப்புவார்கள். ஒருமுறை தகுதியில்லை என்று பதிவானால் பிறகு சரியான பத்திரத்தோடு வந்தாலும் இரண்டாம் கோரிக்கைக்கு இடமில்லை.

“அப்படியென்றால் வழக்குப் போடலாம்தானே?”

போடலாம், பெரிய அமைப்புகளே போட்டுப் பார்த்தன என்றார். 2007இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒப்பந்தத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது, 2008இல் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. 2020 ஜூலையில் மறுபடி எதிராக ஒரு தீர்ப்பு, 2021இல் அதுவும் கவிழ்ந்தது. 2023 ஜூன் 16 அன்று உச்ச நீதிமன்றம், மனிதாபிமான விலக்கு போன்ற ‘பாதுகாப்பு வால்வுகள்’ சட்டத்தில் இருக்கின்றன, ஆகவே கனடிய உரிமைகள் சாசனத்தில் உயிர், சுதந்திரம், பாதுகாப்பு பற்றிய 7ஆம் பிரிவை அது மீறவில்லை என்றது. சமத்துவம் பற்றிய 15ஆம் பிரிவுக் கேள்வியை மட்டும் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. இதெல்லாம் நடந்து முடியும்வரை உங்கள் மருமகன் எங்கே இருப்பான் என்று அவர் கேட்டார். நான் பிறகு வாய் திறக்கவில்லை.

புதிய சத்தியக் கடதாசியில் உறவுச் சொல்லையே எடுத்துவிட்டோம். “இவர் என் கூடப்பிறந்த அண்ணன். எங்களுக்கு ஒரே தாய், ஒரே தகப்பன். இவன் நான் பெற்ற பிள்ளை.” யார் மொழிபெயர்த்தாலும் பிழை வர இடமில்லை. நீங்களும் இப்படியே எழுதுங்கள். சித்தி, பெரியப்பா, பெறாமகன் எல்லாம் வீட்டோடு இருக்கட்டும். இன்னொன்று, ஒன்றுவிட்ட தம்பியை நாங்கள் தம்பி என்றுதான் சொல்வோம். சட்டத்துக்கு அவர் கசின், பட்டியலில் இல்லை. பழக்கத்தில் ‘அண்ணா இருக்கிறார்’ என்று சொல்லிவிட்டால் அப்புறம் அது பொய்யாகப் பதிவாகும்.

மூன்று கிழமை கழித்து இரண்டாம் பயணம். காலை எட்டு மணிக்கு உள்ளே போனான். பதினொரு மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது, மறுமுனையில் அதிகாரியும் தொலைபேசியில் இணைந்த மொழிபெயர்ப்பாளரும். எனக்கு ஆங்கிலம் வரும், ஆனாலும் தமிழிலேயே பேசுகிறேன் என்றேன். அவன் உங்களை எப்படிக் கூப்பிடுவான் என்று கேட்டார்கள். மாமா என்றேன். “மாமா என்றால் மனைவியின் அப்பாவா?” என்றார் மொழிபெயர்ப்பாளர். எனக்குத் தலை சுற்றியது. மறுபடியுமா! தாய்மாமன், அவன் அம்மாவின் கூடப்பிறந்தவன் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். தங்கையின் பிறந்த தேதி, எத்தனை பிள்ளைகள், அவனைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்றெல்லாம் கேட்டார்கள். அவன் பிறந்த வருடத்தில் மட்டும் தடுமாறினேன். சரியாகத் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டேன், ஊகித்துச் சொல்லவில்லை. ஏன் நாட்டை விட்டு வந்தான் என்று என்னிடம் ஒரு கேள்வியும் இல்லை.

இரவு பத்தரைக்கு வெளியே வந்தான். தகுதி உண்டு, கோரிக்கை அகதிச் சபைக்குப் போகிறது என்ற கடிதம் கையில். “மாமா, பசிக்குது” என்றான்.

விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. இந்த விதிவிலக்கால் வந்தவர்களுக்குச் சபை மறுத்தால் அகதி மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக உரிமை இல்லை, கூட்டாட்சி நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கத்தான் முடியும். அதை எதிர்த்த வழக்கும் 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. ஆகவே விசாரணைக்கான பத்திரங்களை இப்போதே சேர்க்கிறோம், வேறொரு மொழிபெயர்ப்பாளரிடம். முதல் பெரியவரிடம் காசைத் திருப்பிக் கேட்டேன். மருமகன் என்றால் அதுதானே தம்பி அர்த்தம் என்று வாதாடிவிட்டுப் பாதியைத் தந்தார்.