ஓட்டைத் தட்டுக்கு ஒரு காப்புரிமை

பெர்லினில் மாணவராக இருந்த பால் நிப்கோ 1884-இல், படத்தை மின்சாரம் வழியே தொலைவுக்கு அனுப்பும் ஒரு கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். விஷயம் எளிது. ஒரு வட்டத் தகடு, அதில் சுருள் வடிவில் துளைகள். தகடு சுழலும்போது முதல் துளை படத்தின் மேல்விளிம்பில் ஒரு கோடாக ஓடும். அடுத்தது அதற்குச் சற்றுக் கீழே. ஒரு சுற்று முடிந்தால் முழுப் படமும் வரிவரியாக அலசியாயிற்று! பின்னால் இருக்கும் செலினியம் என்ற ஒளியுணர் பொருள் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை மின்னோட்டமாக மாற்றும். அந்த மின்னோட்டமோ மிகச் சன்னம்; பெருக்கித் தர அன்று வால்வு எனும் வெற்றிடக் குழாய் கிடையாது. யாரும் சீந்தவில்லை, காப்புரிமையும் காலாவதி. மனுஷன் ரயில்வே சிக்னல் வேலைக்குப் போய்விட்டார். அப்புறம் 1926-இல் லண்டனில் ஜான் லோகி பேர்ட் தொலைக்காட்சியை இயக்கிக் காட்டியபோது உள்ளே சுழன்றது இதே யோசனைதான். நிப்கோவுக்குக் காசு? கேட்க உரிமை கையில் இருந்தால்தானே!